பச்சை வெளிச்சம் எந்த மாதம்

ஜூலை 4, வெள்ளி. காலையில் தூறல், பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில்.

எல்லாவற்றையும் நான் முன்பே சொன்னேன். கண் இப்படி ஆகும் என்று சொன்னேன். கப்பல் தேதி இடிக்கும் என்று சொன்னேன். மச்சான் ஆடி மாதத்தைத் தூக்கிக்கொண்டு வருவார் என்றும் சொன்னேன் (இன்னும் வரவில்லை, வருவார்). எவனும் கேட்கவில்லை. எழுதியாவது வைப்போம்.

இது சொட்டு மருந்து நேரம் குறிக்க வாங்கிய நோட்டு. பக்கம் நிறைய மிச்சம். பா. என்றால் பாக்கியம், என் மனைவி. க. என்றால் மகள் கலா, வான்கூவரில் நர்ஸ். பின்னால் யாராவது எடுத்துப் படித்தால் புரிய வேண்டுமே.

சொட்டு: கா. 7, இரண்டு கண்ணுக்கும். எரிகிறது என்றாள். மாலை 7.

சுங்கை பட்டாணியில் கண் டாக்டர். பெரிய மிஷின். பா. அதற்குள் தலையைக் கொடுத்து, கையில் ஒரு பொத்தான். உள்ளே சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளி வரும், பார்த்ததும் அமுக்க வேண்டும். டக், டக், டக். நன்றாகத்தான் அமுக்குகிறாள் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா நம்ம தமிழ்ப் பிள்ளைதான், சின்ன வயசு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கை குலுக்கினார். (உட்கார்ந்தபடிதான். ஆனால் குலுக்கினார்.) படத்தைக் காட்டினார். சுற்றிலும் கறுப்பு, நடுவில் மட்டும் வெள்ளை. போன தடவை வெள்ளை ஒரு தட்டு அளவு இருந்தது. இப்போது அதில் வைக்கிற ரொட்டிச் சானாய் அளவுகூட இல்லை.

"ஆன்ட்டி, லைட்டே வராதப்பவும் நெறைய தடவை அமுக்கியிருக்கீங்க."

"வர்ற மாதிரி இருந்துச்சு டாக்டர். முந்திக்கிட்டு அமுக்குனா பாஸ் ஆயிருவேன்னு பாத்தேன்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பா. சிரிக்கவில்லை.

போனது திரும்பாது என்றார். சொட்டு மருந்து விடாமல் போட்டால் இருப்பது நிற்கும். மங்கின வெளிச்சத்தில் ரொம்பக் கஷ்டம். பகலில் பரவாயில்லை. செப்டம்பரில் கப்பல் பிரயாணம் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"அங்கிள், தேதியை முன்னாடி கொண்டு வர முடியுமான்னு பாருங்க. நல்லா வெளிச்சம் இருக்கிற மாசமா பாருங்க."

திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். முப்பது வருடம் கூலிம் டவுனில் கம்பெனி பஸ் ஓட்டியவன் நான். நாற்பத்து நான்கு பேர் கத்தினாலும் ஒரு வளைவு தப்பாது. இன்று பச்சை விளக்கு விழுந்தும் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் ஹாரன்.

ஜூலை 5, சனி. புழுக்கம்.

சொட்டு: கா. 7.

இங்கே காலை எட்டு, க.வுக்கு அங்கே நேற்று சாயந்தரம். வீடியோவில் வந்தாள். பா. குளிக்கப் போயிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவள் முகம் அசையவே இல்லை. லைன் நின்றுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன்.

"லைன் இருக்குப்பா. நானும் இருக்கேன்."

போன தீபாவளிக்கு அவள் வந்தபோது, ஐஸ் மலை பார்க்கிற கப்பல், வான்கூவரிலிருந்து ஏறலாம், எந்த மாதம் என்று கேட்டாள். ஒரு பட்டியலே கொண்டு வந்திருந்தாள். அதன்மேல் எங்கள் பட்டியல். ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன்.

மே: மலையெல்லாம் பனி, மழை குறைவு, கூட்டம் இல்லை. மிதக்கிற ஐஸ் சில இடத்தில் வழியை அடைக்கும், கப்பல் கிட்டே போகாது. எங்கள் பக்கம்: வைகாசி. மச்சான் வீட்டில் கல்யாணம். கோடு போட்டு அடித்தாயிற்று.

ஜூன்: பகல் ரொம்ப நீளம். எங்கள் பக்கம்: ஆனி. மச்சானுக்கு ஆட்சேபணை இல்லை. நான் அடித்தேன்.

ஜூலை: கொஞ்சம் சூடு, திமிங்கிலம், ஐஸ் உடைந்து கடலில் விழுவது. எங்கள் பக்கம்: பாதியில் ஆடி.

ஆகஸ்ட்: மழை ஆரம்பம். மறுபடி பாதி ஆடி.

செப்டம்பர்: மழை, குளிர், மப்பு. ஆனால் இரவு இருட்டும், அதிர்ஷ்டம் இருந்தால் வானத்தில் பச்சை வெளிச்சம். எங்கள் பக்கம்: ஆவணி. பாதிக்கு மேல் தள்ளினால் புரட்டாசி, பா. கவிச்சி தொடமாட்டாள், கப்பலில் அவளுக்கு என்ன கிடைக்கும்? அதனால் முதல் வாரம்.

செப்டம்பர் 7 என்று முடிவு செய்தது நான். வீட்டில் இந்த விஷயத்தில் என் வார்த்தைதான். காரணம் எல்லோருக்கும் தெரியும். இருபத்திரண்டு வயதில் பினாங்கிலிருந்து சரக்குக் கப்பல் ஏறி அந்த ஐஸ் மலைக் கடல் வரை போனவன். நாற்பது திமிங்கிலம் வரிசையாகப் போனதையும், செப்டம்பர் மாதம் ஒரு ராத்திரி வானம் முழுக்கப் பச்சை வெளிச்சம் சேலை உலர்த்தின மாதிரி ஆடியதையும் கண்ணால் பார்த்தவன். இந்தக் கதையைக் கேட்காத ஆள் எங்கள் ஊர் திகாம் பத்துவில் கிடையாது.

க. விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். ஜூலை 27 கப்பலில் யாரோ வரவில்லையாம், ஒரு அறை காலி. கடல் பக்கம், பால்கனியோடு. செப்டம்பர் டிக்கெட்டை அதற்கு மாற்றிக் கொடுப்பார்கள். புதன் வரை பிடித்து வைப்பார்கள். அதற்கு முந்தின கப்பல் எதிலும் இடம் இல்லை.

"அம்மாகிட்ட நீங்க சொல்லுங்கப்பா. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

கேட்பாள்தான்.

ஜூலை 6, ஞாயிறு.

மச்சான் கடைக்குப் போனேன். பா.வின் அண்ணன், எனக்கு ஆறு வயது மூத்தவர். சூடம், திரி, குங்குமம், வெள்ளிச் சாமான். கல்லாவுக்கு மேல் பஞ்சாங்கம் கயிற்றில் தொங்குகிறது. என்னைப் பார்த்ததும் அதைத்தான் எடுத்தார். முன்பே சொன்னேன் அல்லவா.

"மாப்ள, இருபத்தேழு ஆடிலா. ஆடியில புதுப் பொண்டாட்டியவே அம்மா வீட்டுக்கு அனுப்பிருவாங்க, நீ பொண்டாட்டிய ஐஸ் கட்டிக்கு அனுப்புறியா?"

"அவ புதுப் பொண்டாட்டி இல்ல மச்சான். முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு."

"அதான் இவ்ளோ தைரியம்."

நான் டாக்டர் காட்டிய படத்தை வரைந்து காட்டினேன். ரசீதுப் பின்பக்கம். முதலில் பெரிய வட்டம், உள்ளே சின்ன வட்டம், வெளியே எல்லாம் மை. மச்சான் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"இவ்ளோதான் தெரியுதா அதுக்கு?"

"பகல்ல."

ஒரு அம்மா ஊதுவத்தி கேட்டு நின்றார். மச்சான் திரி எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா, "அண்ணே, ஊதுவத்தி," என்றார். மறுபடி திரி.

நான் ஒரு போடு போட்டேன். ஆடி அம்மன் மாதம். கண்ணுக்கு வேண்டிக்கொண்டு கண்மலர் சாத்துவது யாருக்கு? அம்மனுக்கு. அப்படியென்றால் கண்ணுக்காகப் போகிற பிரயாணத்துக்கு ஆடியைவிட நல்ல மாதம் ஏது? ஒரு பெரிய சாமியார் சொன்னதாகச் சொன்னேன். (சாமியார் இல்லை. சிக்னலில் நிற்கும்போது எனக்கே தோன்றியது.)

மச்சான் ரொம்ப நேரம் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். படிக்கவில்லை. புரட்டினார். பிறகு அதை ஆணியில் மாட்டிவிட்டு, "மொதல் ஆடி வெள்ளி கோயிலுக்கு வந்துட்டுத்தான் போகணும்," என்றார்.

ஜெயித்துவிட்டேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஜூலை 8, செவ்வாய். மாலை இடி.

சொட்டு: கா. 7, மா. 7.10 (மீ நூடுல்ஸ் வாங்கப் போய்ப் பத்து நிமிடம் தாமதம்).

பா. வாசற்படியில் இடித்துக்கொண்டாள். முழங்கால். கடுகு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். டாக்டர் சொன்னது, கலா சொன்னது, அண்ணனே சரி என்றது. ஆடியில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. வேறு இடத்தில் நின்றுவிட்டாள்.

"பச்சை வெளிச்சம் செப்டம்பர்லதானே வரும்?"

"அது எதுக்கு இப்ப? ஐஸ் மலை இருக்கு, திமிங்கிலம் இருக்கு."

"ஐஸ் பிரிஜ்லயும் இருக்கு. நீங்க பாத்தத நான் பாக்கணும். அதுக்குத்தான் இவ்ளோ தூரம். இல்லன்னா எனக்கு எந்தக் கப்பலும் வேணாம்."

கூலிம் பாக்டரியில் இருபத்திரண்டு வருடம் மைக்ராஸ்கோப்பில் சிப் பார்த்தவள். நகக்கண்ணில் பாதி அளவுச் சிப்பில் முடி மாதிரி விரிசல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவாள். அவளிடம் பேசி ஜெயிப்பது சாதாரண விஷயம் இல்லை. நான் ஜெயித்தேன்.

"அது ஜூலைதான் பாக்கியம். எனக்குத்தான் மாசம் கொழம்பிப் போச்சு. இப்ப நல்லா ஞாபகம் வந்துருச்சு. ஜூலை கடைசி."

"முப்பத்தஞ்சு வருஷமா செப்டம்பர், இன்னிக்கு ஜூலையா?"

"வயசாச்சுலா."

என் முகத்தைத் தேடி மெதுவாகத் தலையைத் திருப்பினாள். இப்போதெல்லாம் அப்படித்தான், நடுவில் கொண்டுவந்து நிறுத்தினால்தான் தெரியும். நிறுத்திப் பார்த்தாள். பிறகு, "சரி, ஜூலைன்னா ஜூலை," என்றாள்.

கையில் எண்ணெய் நாற்றம் போகவே இல்லை. இரண்டு தடவை சோப்பு.

ஜூலை 9, புதன்.

க.விடம் சொன்னேன். மாற்றிவிட்டாள். அறை எண் வந்துவிட்டது. 23ஆம் தேதி பினாங்கிலிருந்து விமானம். விசா மார்ச்சிலேயே கையில் இருக்கிறது. அதையும் முன்கூட்டியே எடுக்கச் சொன்னவன் நான். (க. எடுத்தாள். நான் சரி என்றேன்.)

எப்படி ஒத்துக்கொண்டாள் என்று கேட்டாள். பெருமையாகச் சொன்னேன். க. முகம் மறுபடி நின்றது. இந்தத் தடவை நான் லைனைத் தட்டவில்லை.

"அப்பா. ஜூலையில அங்க வானம் சரியா இருட்டவே இருட்டாது. இருட்டுனாத்தான் அந்த வெளிச்சம் தெரியும். நீங்க நேர்ல பாத்தவருதானே, உங்களுக்குத் தெரியாதா?"

"எங்க காலத்துல தெரிஞ்சுச்சு."

"அம்மா தேடுவாங்களேப்பா."

ரொட்டி கருகுகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பே பற்றவைக்கவில்லை.

ஜூலை 12, சனி.

சொட்டு: கா. 7, மா. 7.

சுங்கை பட்டாணி பண்டல் கடை. யாரோ போட்டுக் கழித்த வெளிநாட்டுக் குளிர்ச் சட்டை மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. எடுத்தவை:
தடி ஜாக்கெட் 2 (என்னுடையதில் யாரோ ஒருவரின் பழைய பஸ் டிக்கெட், எந்த ஊர் எழுத்தோ)
கம்பளித் தொப்பி 2
கையுறை 3 (ஒன்றுக்கு ஜோடி இல்லை)
மழைக்கோட்டு 1. இன்னொன்று வேண்டும். ஜூலையிலும் அங்கே மழை உண்டாம்.

வெளியே முப்பத்து நான்கு டிகிரி. பா. ஜாக்கெட்டைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றாள். தலையை அப்படி இப்படித் திருப்பிப் பாகம் பாகமாகப் பார்த்துக்கொண்டாள். தோள். பிறகு பை. பிறகு ஜிப்பு.

"எப்படி இருக்கு?"

"வெள்ளைக்காரி தோத்துட்டா."

"நீங்க சொல்றதெல்லாம் நம்ப முடியுமா," என்று சிரித்தாள்.

கடைக்கார மலாய்க்காரரிடம் நான் முன்னாள் கப்பல்காரன் என்று சொன்னேன். எத்தனை திமிங்கிலம் பார்த்தீர்கள் என்று கேட்டார். நான்கு என்று வாயில் வந்தது. பா. திரும்பினாள். "நாப்பதுன்னுதானே சொல்வீங்க?"

எனக்குக் கோபமும் இல்லை, பயமும் இல்லை. நியூட்ரலில் போட்ட பஸ் மாதிரி. எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை.

ஜூலை 18, ஆடி வெள்ளி. நல்ல வெயில்.

சொட்டு: கா. 6.30 (கோயிலுக்காகச் சீக்கிரம்).

மாரியம்மன் கோயிலில் கூட்டம். கூழ் ஊற்றினார்கள். மச்சான் கடையிலிருந்து வெள்ளிக் கண்மலர் ஒரு ஜோடி கொண்டுவந்தார், மஞ்சள் துணியில் முடிந்து. பா. கையில் வைத்தார். அவள் விரலால் தடவிப் பார்த்தாள், இமை, கருமணி. "அண்ணே, ஒரு கண்ணு கொஞ்சம் பெருசா இருக்கு," என்றாள். மச்சான் எடுத்து உற்றுப் பார்த்தார். ஆமாம், பெரிதாகத்தான் இருந்தது.

"மாத்தித் தரவா தங்கச்சி?"

"வேணாம். என்னுதும் அப்படித்தான்."

ஐயர் வாங்கி அம்மன் பாதத்தில் வைத்தார். மச்சான் அழுதார். சத்தமாகத்தான். நான் கூழ்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழ வரவில்லை. கூழில் வெங்காயம் நிறைய. ஒவ்வொன்றாக ஒதுக்கினேன்.

வெளியே செருப்பைத் தேடும்போது பா. சொன்னாள். அவள் பாட்டுக்கு, காய் வாங்கப் பாசார் போய்வரலாமா என்று கேட்கிற மாதிரி:

"நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேங்க. கப்பல்ல அந்தப் பச்சை வெளிச்சம் எனக்குத் தெரிஞ்சா, இன்னும் கொஞ்ச நாளைக்குக் கண்ணு இருக்கும். தெரியலன்னா அவ்ளோதான், போயிருச்சுன்னு அர்த்தம். அப்பறம் இந்த எரிச்சல் மருந்தெல்லாம் வேணாம். தூக்கிப் போட்டுரலாம்."

"யாரு சொன்னா அப்படி?"

"யாரும் சொல்லல. நானேதான். நீங்க பாத்தத நானும் பாத்துட்டாப் போதும்."

செருப்பு அவள் காலடியிலேயே இருந்தது. எடுத்து மாட்டிவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு.

சொட்டு: கா. 7. மா. 7. எரிகிறது என்றாள். எத்தனை நாள் மிச்சம் என்று கேட்டாள். ஏழு என்றேன், கப்பலுக்கு. "மருந்துக்கு?" என்றாள். பாட்டிலை மூடி வைத்தேன்.

பெட்டி: ஊறுகாய் (எலுமிச்சை), மைலோ, பா.வின் மருந்து 4 பாட்டில், டாக்டர் கடிதம், விபூதி.

இன்று சொல்லலாம் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். கப்பல் கதை கேட்டார்கள். சொன்னேன். பச்சை வெளிச்சம் வந்த இடத்தில் பா. எனக்கு முந்திக்கொண்டு கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினாள், சேலை உலர்த்தின மாதிரி. என் கையசைவு அப்படியே.

ஜூலை 22, செவ்வாய். விடியற்காலை மழை, இப்போது நின்றுவிட்டது.

சொட்டு: கா. 7.

நாளை விமானம். பா. குளித்துக்கொண்டிருக்கிறாள். வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்கிறது. வந்ததும் சொல்லிவிட வேண்டும், அதனால் முதலில் எழுதிப் பார்க்கிறேன்.

கப்பல் நிஜம். சமையற்கட்டு எடுபிடி, எட்டு மாதம். அந்தக் கடலுக்குப் போனதும் நிஜம், ஜூன் மாதம். ஐஸ் மலையைத் தாண்டியபோது நான் கீழே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மேலே எல்லோரும் கத்தினார்கள். என்னை மேலே அனுப்பவில்லை. திமிங்கிலம் நிஜம். ஒன்று. முதுகு மட்டும்.

இன்னொன்றும் நிஜம், அதை யாரிடமும் சொன்னதில்லை, அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. ஒரு நாள் வேலை முடித்து மேலே வந்தேன். மணி பத்து. ராத்திரி பத்து. வெளியே பகல். என் கை ரேகை, நகத்தில் வெங்காயத் தோல், எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ரொம்ப நேரம் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பா.வுக்கு வேண்டியது அந்த வெளிச்சம்தான். அது ஜூலையிலும் கொஞ்சம் இருக்கும் என்று க. சொல்கிறாள்.

பிறகு ஊர் வந்து, கூலிம் பக்கம் தோட்டத்து வீட்டில் பெண் பார்க்கப் போனேன். மச்சான் கேட்டார், கப்பலில் என்னதான் பார்த்தீங்க என்று, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு. வெங்காயம் என்று எப்படிச் சொல்வது? பா. காப்பித் தட்டோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அது செப்டம்பர் மாதம்.

தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

பச்சை வெளிச்சம் நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அவள் கட்டியிருந்த சேலைதான் பச்சை.